ஒழுகும் கூரைச் சாளரத்தின் கீழ்: மிஸ் ரீடின் கிராமப் பள்ளி நாவல்கள்

சென்ற கோடை விடுமுறையில் மூன்று ஆங்கில நாவல்களை வாசித்தேன். மூன்றும் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், இரண்டே அறைகள் கொண்ட ஒரு தொடக்கப் பள்ளியைப் பற்றியவை. கல்வியாண்டு தொடங்குகிறது, மழையும் பனியும் வெயிலும் வந்து போகின்றன, பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே ஏறுகிறார்கள். கதை என்று சொன்னால் பெரும்பாலும் அவ்வளவுதான். நான் சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஓர் ஈராசிரியர் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை இரண்டு அறைகளில் அமர்த்தி, தலைமையாசிரியரும் நானுமாகக் கற்பிக்கிறோம். இந்த நூல்களை வாங்கலாமா, வாங்கினால் எதிலிருந்து தொடங்கலாம், எங்கே மனம் நிறையும், எங்கே குறை தெரியும் என்பவற்றை அதே வேலையில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாவல்களின் பெயர்கள் 'வில்லேஜ் ஸ்கூல்', 'வில்லேஜ் டயரி', 'ஸ்டார்ம் இன் தி வில்லேஜ்'. இவை முறையே 1955, 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அட்டையில் ஆசிரியரின் பெயர் மிஸ் ரீட் என்று இருக்கும், அது புனைபெயர். கதையைச் சொல்லும் தலைமையாசிரியையின் பெயரும் அதுவே. எழுதியவர் டோரா ஜெஸ்ஸி செயின்ட் என்பவர். 1913இல் லண்டனில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே கென்ட் பகுதியிலுள்ள செல்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, அவ்வூர்ப் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1930களில் வகுப்பறையில் வேலை பார்த்தவர். போருக்குப் பின் 'பஞ்ச்' முதலிய இதழ்களுக்கு எழுதத் தொடங்கினார். ஃபேரேக்கர் என்னும் கற்பனைக் கிராமத்தையும் அதன் பள்ளியையும் வைத்து நாற்பது ஆண்டுகள் எழுதிய அவர், 2012இல் தம் 98ஆம் வயதில் காலமானார்.

நான் முதலில் கேட்டது முதல் நாவலைத்தான். பழைய புத்தகங்களை இணையத்தில் விற்கும் ஒரு கடைக்குப் பணம் அனுப்பிக் காத்திருந்தபோது, வந்து சேர்ந்தது மூன்றாவது நாவல். திருப்பி அனுப்புவதற்கு முதுகுளத்தூர் வரை போக வேண்டும் என்பதால் வைத்துக்கொண்டேன். முதலிரண்டு நூல்களை வேறோர் இடத்திலிருந்து பின்னர் வரவழைத்தேன். அஞ்சல் செலவு உட்பட மூன்றுக்கும் ஏறத்தாழ 1,400 ரூபாய் ஆயிற்று. இதனால் நான் வரிசை மாறி வாசிக்க நேர்ந்தது. மூன்றாவது நாவலின் தலைப்பில் 'புயல்' இருக்கிறது. எங்கள் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டால் எவருக்கும் 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுதான் நினைவுக்கு வரும். தனுஷ்கோடியையும் அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோன இரவு அது. அந்த எண்ணத்தோடு புத்தகத்தைத் திறந்த எனக்கு, இங்கே புயல் என்று சொல்லப்படுவது ஒரு வயலைப் பற்றிய பேச்சுதான் என்று தெரிந்தபோது சற்று ஏமாற்றமாக இருந்தது. அருகிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தின் பணியாளர்களுக்காக ஊரின் வயலொன்றில் குடியிருப்பு கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வருகிறது, ஊர் இரண்டுபடுகிறது, குடியிருப்பு வந்தால் புதிய பள்ளி வரும், புதிய பள்ளி வந்தால் இந்த இரண்டு அறைப் பள்ளி என்னவாகும் என்ற கவலை தலைமையாசிரியையின் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது.

நாற்பது ஐம்பது பக்கங்கள் தாண்டியபோது என் ஏமாற்றம் போய்விட்டது. பள்ளி மூடப்படுமோ என்ற பேச்சு ஓர் ஊரில் எப்படிப் பரவும் என்பதை இவ்வளவு சரியாக எழுதி நான் வாசித்ததில்லை. அந்தப் பேச்சு அலுவலகக் கடிதமாக முதலில் வருவதில்லை. கடையில், தேவாலய வாசலில், பேருந்து நிற்கும் இடத்தில், ஒருவர் மற்றவரிடம் கேள்விப்பட்டதாகச் சொல்வதில் பிறக்கிறது. அந்தப் பள்ளியில் படித்துப் பல ஆண்டுகளாக அதன் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்குக்கூடத் திடீரென்று அதன்மேல் உரிமை வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு இந்த நாவலைக் கட்டாயம் சொல்வேன். முடிவை நான் இங்கே எழுதவில்லை.

ஆயினும் தொடங்க வேண்டியது முதல் நாவலிலிருந்துதான். 'வில்லேஜ் ஸ்கூல்' மூன்று பகுதிகளாக, மூன்று பருவங்களாக அமைந்துள்ளது: செப்டம்பரில் தொடங்கும் கிறிஸ்துமஸ் பருவம், இளவேனிற் பருவம், கோடைப் பருவம். பள்ளி திறக்கும் நாளில் தொடங்கி, ஆண்டின் கடைசி நாளில் முடிகிறது. அந்த முதல் நாளில் மழலை வகுப்பில் சேர வரும் பிள்ளைகளை ஆசிரியர் காட்டும் விதமே நாவலின் தரத்தைச் சொல்லிவிடும். லிண்டா மாஃபட் என்னும் சிறுமி கசங்காத உடையோடு வருகிறாள். ஊரில் புதுவீடு கட்டிக் குடியேறிய குடும்பம் அது. ஜோசஃப் காக்ஸ் என்னும் சிறுவன் ஊரின் மிக ஏழ்மையான வீட்டு வரிசையிலிருந்து வருகிறான். இருவரையும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்த்த வேண்டும். நாவல் அதைப் பெரிய நிகழ்ச்சியாக ஆக்குவதில்லை. யாருடைய கை யாருடைய பொருளைத் தொடுகிறது, யார் முதலில் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கிறது. ஜூன் மாதத்து முதல் நாள் காலையில், தாயின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கும் எவருக்கும் அந்த அத்தியாயம் ஒரு வரிகூட அந்நியமாக இராது.

உணவு வேளையைப் பற்றிய பகுதிகள் எனக்கு மிகவும் நெருங்கியவை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் பள்ளி உணவு வழங்குவது உள்ளாட்சிகளின் கடமையாயிற்று. ஃபேரேக்கர் பள்ளியில் சமையலறை இல்லை. காக்ஸ்லி என்னும் நகரத்தின் பக்கமிருந்து ஒரு வண்டியில் தகரக் கலங்களில் உணவு வரும். திருமதி கிராஸ்லி என்னும் பெண்மணி அந்த வண்டியை ஓட்டி வருவார். ஜோசஃப் அந்த உணவை உண்ணும் முறையை, இரண்டாம் முறை கேட்கும் முறையை, தட்டு காலியாகும் வேகத்தை, ஆசிரியர் எவ்வித உருக்கமும் சேர்க்காமல் எழுதுகிறார். நம் மாநிலத்தில் பகலுணவு 1956இல் தொடங்கியது. சத்துணவு 1982இல் வந்தது. காலை உணவு 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. காலை உணவு வந்த முதல் வாரத்தில் மணியடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் பசியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. "எங்க வீட்டுக் கடியாரம் வேகமா ஓடுது டீச்சர்" என்றுதான் சொன்னான். ஜோசஃபைப் பற்றி வாசிக்கும்போது இந்தப் பையனின் முகம்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றது.

இனி திருமதி பிரிங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வரிசை நாவல்களை வாசித்தவர்கள் யாரைச் சந்தித்தாலும் முதலில் பேசுவது இவரைப் பற்றித்தான். பள்ளியைத் துப்புரவு செய்யும் பெண்மணி இவர். இரண்டு அறைகளிலும் உள்ள இரும்புக் கணப்படுப்புகளைக் கறுப்பு மெருகேற்றிப் பளபளக்க வைத்திருப்பார். அவற்றில் தீ மூட்டச் சொன்னால், குளிர் எலும்பில் ஏறினாலும், இன்னும் காலம் வரவில்லை என்பார். எதிர்த்துப் பேசினால் அவருடைய கால்வலி அன்றைக்கே கிளம்பிவிடும். வலியின் அளவைப் பார்த்தே அவருடைய கோபத்தின் அளவைத் தலைமையாசிரியை அறிந்துகொள்வார். எங்கள் பள்ளியின் சமையலர் அக்காவும் தம் அலுமினிய அண்டாவை இப்படித்தான் வைத்திருக்கிறார். அதை அவர் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு, அதன் அருகில் எவரும் சுண்ணாம்புத் துண்டைக்கூட வைக்க முடியாது. பள்ளிக்கு அண்டா அரசு கொடுத்ததுதான். ஆனால் அது பளபளப்பது அவருடைய உழைப்பால். திருமதி பிரிங்கிளின் பிடிவாதத்துக்குள்ளும் இதே நியாயம் இருப்பதை நாவல் அறிந்திருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் அதே பக்கத்தில், அவர் ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பள்ளி எப்படிக் கிடக்கும் என்பதையும் காட்டிவிடுகிறது.

இந்த நாவல்களின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்று நான் பல நாள் யோசித்தேன். பள்ளியைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. பிள்ளைகள் தப்பும் தவறுமாக எழுதியதைப் படித்துக் காட்டிச் சிரிப்பது, வாத்தியாரின் பிரம்பையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்துச் சிரிப்பது என இரண்டு வகை நமக்கு நன்கு பழக்கம். இன்னொரு புறம், தன்னையே உருக்கிக் கொடுக்கும் தியாக ஆசிரியரின் கதை இருக்கிறது. அதில் சிரிப்புக்கு இடமே இல்லை. மிஸ் ரீடின் கதைசொல்லி இவற்றில் எதிலும் சேர்வதில்லை. அவர் யாரைப் பற்றி எழுதினாலும், மறுநாள் காலை அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற நினைவோடு எழுதுகிறார். துப்புரவுப் பெண்மணியோடும், குளிர்காலம் வந்துவிட்டதற்கு அடையாளமாகப் பழைய சிறுத்தைத் தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டு வரும் போதகரோடும், படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வரும் பிள்ளைகளோடும், அவர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இருந்தாக வேண்டும். வந்து பார்த்துவிட்டுப் போகும் ஒருவரால் கூர்மையாகச் சிரிக்க முடியும். அங்கேயே தங்கியிருப்பவரின் சிரிப்பில் அந்தக் கூர்மை இருக்காது, பொறுமை இருக்கும். நாவல்கள் முழுவதிலும் நான் கண்ட சிறப்பு இதுதான்.

என் பள்ளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் திசைகளைக் கற்பித்துவிட்டு, பள்ளிக்கு எந்தத் திசையில் உன் வீடு இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். ஒரு பையன் "கச்சான் பக்கம்" என்று எழுதியிருந்தான். கச்சான் என்பது எங்கள் கரையில் மேற்கிலிருந்து வீசும் காற்று; வாடை, கொண்டல், சோழகம் என மற்றக் காற்றுகளுக்கும் அவனுக்குப் பெயர் தெரியும். அவனுடைய அய்யா படகில் அந்தச் சொற்களை வைத்துத்தான் திசை பார்க்கிறார். முதலில் நான் அதற்குத் தவறு என்று குறியிட்டேன். மாலையில் பேருந்துக்கு நிற்கும்போது, கச்சான் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வீடு அந்தப் பக்கம்தான் இருந்தது. மறுநாள் குறியை மாற்றிப் போட்டேன். இந்த நிகழ்ச்சியை வேறொருவர் எழுதினால் பையனின் அறியாமை வேடிக்கையாகிவிடும். மிஸ் ரீடின் நாவலில் இதைப் போன்றவை வரும்போது, கடைசியில் கற்றுக்கொண்டவர் ஆசிரியராகவே இருப்பார்.

பள்ளியின் பெரிய அறைக் கூரையில் ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. அது ஒழுகும். எத்தனையோ முறை பழுது பார்த்திருக்கிறார்கள். ஆயினும் மழை வந்தால் ஒழுகுகிறது, மழை இல்லாதபோது அதன் வழியே காற்று இறங்கிப் பிடரியைத் தாக்குகிறது. நாவலுக்கு நாவல் இந்தச் சாளரம் திரும்பத் திரும்ப வரும். முதலில் இதை ஆசிரியர் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எங்கள் பள்ளிக் கட்டடம் கடலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் இருக்கிறது. உப்புக் காற்றில் கூரைக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, காரையை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்த்துவிடும். ஐப்பசி மழையில் எந்த இடத்தில் சொட்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். மழைக்கு முகில் கூடும்போதே தாங்களாக எழுந்து பாயைச் சுருட்டி, அந்த இடத்தில் வாளியை வைத்துவிட்டு மீண்டும் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். ஒரு கட்டடத்தின் குறை, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பழக்கமாகவே மாறிவிடுவதை நான் வெளியாருக்கு விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். மிஸ் ரீட் ஒரு சாளரத்தை வைத்து அதைச் சொல்லிவிட்டார்.

பருவங்கள் இந்த நாவல்களில் பின்னணி ஓவியமாக நிற்பதில்லை. அவைதாம் பள்ளியை நடத்துகின்றன. பனி பெய்தால் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் வருவதில்லை. அறுவடை வந்தால் ஒரு விழா, அதற்கான ஆயத்தம். கோடை வந்தால் வகுப்பே வயலுக்கு நடக்கிறது. 'வில்லேஜ் டயரி' என்னும் இரண்டாம் நாவல் இதையே மாதம் மாதமாக, நாட்குறிப்பு வடிவில் சொல்கிறது. எங்கள் வருகைப் பதிவேட்டையும் யாராவது இப்படி வாசித்தால் கடற்கரையின் ஆண்டு முழுவதும் அதில் தெரியும். பதநீர்க் காலத்தில் பனையேறும் குடும்பங்கள் காட்டுக் குடிசைகளுக்குப் பெயர்ந்துவிடும். அப்போது சில பெயர்களுக்கு நேரே தொடர்ந்து வராத குறி விழும். மிளகாய்ப் பழம் பறிக்கும் நாட்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள், பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து விடுவதும் அவர்கள்தாம். பதிவேட்டில் இருக்கும் இந்தக் கதையைப் பார்க்கும் கண் மிஸ் ரீடுக்கு இருக்கிறது. தலைமையாசிரியர் என்பவர் பாதி நேரம் வானிலையைக் கவனிப்பவர் என்பதை அவர் அறிந்தே எழுதுகிறார்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கும் நாவலுக்கும் இடையே பெரிய தொலைவு தோன்றியது. ஃபேரேக்கர் கடலிலிருந்து தள்ளியிருக்கும் மேட்டுநிலத்து ஊர். இந்த வரிசையில் ஊரார் பேருந்து பிடித்து பேரிஸ்ஃபோர்டு என்னும் கடற்கரை ஊருக்கு உல்லாசப் பயணம் போவார்கள். கடலைப் பார்ப்பது அவர்களுக்கு எண்ணி எண்ணிக் காத்திருக்கும் ஒரு நாள். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் வீட்டு வாசல். சுற்றுலா என்றால் அவர்கள் கேட்பது மலை. கொடைக்கானலுக்கு ஒருமுறை அழைத்துப்போனபோது ஒரு சிறுமி மேகத்தைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல உப்பே இல்ல டீச்சர்" என்றாள். ஃபேரேக்கர் பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போவதை வாசிக்கும்போது எனக்கு அந்தச் சிறுமி நக்கிப் பார்த்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

மிஸ் கிளேரைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரையை என்னால் முடிக்க இயலாது. மழலை வகுப்பின் ஆசிரியை அவர். அதே பள்ளியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தவர். பக்கத்து ஊரான பீச் கிரீனிலிருந்து மிதிவண்டியில் வருவார். கூரை வேய்வதில் கைதேர்ந்த அவருடைய தந்தை வேய்ந்த வீட்டில் தனியாக வாழ்கிறார். நரைத்த தலை, நேரான முதுகு, உயராத குரல். இப்போது அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவர்தாம் எழுத்தறிவித்தவர். உடல்நலம் குன்றி, முதல் நாவலிலேயே அவர் ஓய்வு பெறுகிறார். மிஸ் கிரே என்னும் இளம் ஆசிரியை அந்த இடத்துக்கு வருகிறார். இந்த மாற்றத்தை ஆசிரியர் எழுதியிருக்கும் அளவை நான் பெரிதும் மதிக்கிறேன். புதியவர் திறமையுள்ளவர், புதிய முறைகளை அறிந்தவர், பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். அப்படி ஒட்டிக்கொள்வதில் மிஸ் கிளேருக்கு ஏற்படும் நிறைவும், அதற்குள்ளே இருக்கும் சிறு நோவும், ஓரிரு வாக்கியங்களில் வந்து போகின்றன. ஒரே பள்ளியில் தொடர்ந்து இருந்தவர்கள் இந்த நோவைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் தலைமையாசிரியர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு நான் முதல் நாவலைக் கொடுத்தேன். அவர் மிஸ் கிளேர் வரும் பகுதியை வாசித்துவிட்டு, நாவலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சில நாட்கள் தம் அறையில் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்.

இனிக் குறைகள். முதலாவது, ஜோசஃபின் தந்தை ஆர்தர் காக்ஸ். குடிகாரர்; ஊருக்கே தொல்லை. நாவல்கள் அவரைப் பல இடங்களில் வேடிக்கைப் பாத்திரமாக நடத்துகின்றன. அவர் தள்ளாடி வருவதும் அதிகாரிகளிடம் பேசும் பேச்சும் சிரிப்புக்காகவே எழுதப்பட்டுள்ளன. குடிகாரத் தகப்பனின் வீட்டிலிருந்து வரும் பிள்ளையை வகுப்பில் வைத்துப் பார்த்தவள் நான். திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் என்னால் சிரிக்க முடியவில்லை. ஜோசஃபை இவ்வளவு கனிவோடு பார்க்கும் ஆசிரியர், அவன் இரவு எந்த வீட்டில் படுக்கிறான் என்பதை ஏன் இவ்வளவு எளிதாகக் கடந்து போகிறார் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. அதே போல, ஊரின் ஏழைகளைப் பற்றிப் பேசும்போது கதைசொல்லியின் குரலில் சில நேரம் ஒரு படி மேலேயிருந்து பேசும் தொனி வந்துவிடுகிறது. 1950களின் இங்கிலாந்துக் கிராமத்தில் தலைமையாசிரியைக்கு இருந்த இடம் அது என்று விளங்கிக்கொள்ளலாம்; ஆனாலும் அது குறைதான்.

இரண்டாவது குறை சிறியது. திருமணமாகாத கதைசொல்லியை யாருக்காவது மணம் முடித்துவைக்க ஊராரும் அவருடைய தோழி ஏமியும் செய்யும் முயற்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதல் முறை நன்றாக இருக்கிறது. மூன்றாம் முறை பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆங்கில நாவல் என்றதும் நம் ஆசிரியர்கள் பலர் தயங்குவார்கள். வாக்கியங்கள் தெளிவானவை, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தை ஒழுங்காகப் படித்தவர் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம். கடினமாக இருப்பவை செடிகொடிகளின் பெயர்களும், தேவாலயம் சார்ந்த பதவிகளின் பெயர்களும், கணப்படுப்பின் உறுப்புகளின் பெயர்களும். முதல் இரண்டு அத்தியாயங்களில் நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடினேன்; பிறகு விட்டுவிட்டேன். வேலியில் பூத்திருப்பது என்ன பூ என்று தெரியாவிட்டாலும், அதைப் பறித்துக்கொண்டு வந்து மேசையில் வைக்கும் பிள்ளையைத் தெரிந்துகொள்வதில் தடையில்லை. ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்ற அளவு சரியாக இருக்கும். அத்தியாயங்கள் குறுகியவை; ஒவ்வொன்றும் தானாக முடிந்து நிற்பவை. விரைந்து வாசித்தால் ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றிவிடும்.

வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஜான் குடால் என்னும் ஓவியர் வரைந்த கோட்டோவியங்கள் உள்ள பதிப்பையே தேடுங்கள். பிள்ளைகளின் தொங்கும் காலுறைகளையும் திருமதி பிரிங்கிளின் தோற்றத்தையும் அவர் வரைந்திருப்பது கதையோடு ஒன்றிவிட்டது. மலிவான சில மறுபதிப்புகளில் அந்தப் படங்கள் மங்கலாக, மை பரவியதுபோல் அச்சாகியிருக்கின்றன. அடுத்து, பசையால் ஒட்டிய காகித அட்டைப் பதிப்புகள் எங்கள் கரைக் காற்றுக்குத் தாங்குவதில்லை. என்னிடமுள்ள மூன்றாவது நாவல் ஒரே வெயிற்காலத்தில் முதுகு விரிசல் விட்டு, நடுவே இருபது பக்கங்கள் தனியாகக் கையோடு வந்துவிட்டன. சாயல்குடியில் நோட்டுப் புத்தகம் தைப்பவரிடம் கொடுத்து, நூல் கோத்துத் தைத்து, மேலே அட்டை ஒட்டி வாங்கினேன். அறுபது ரூபாய் ஆயிற்று. கடலோரம் இருப்பவர்கள் இயன்றால் பழைய கெட்டி அட்டைப் பிரதியை வாங்குவது நல்லது. சன்னல் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். உப்பின் ஈரம் தாளை நெளிய வைத்துவிடும். நான் ஓலைப்பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

யாருக்கு இவை ஏற்றவை என்று கேட்டால், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு என்று தயங்காமல் சொல்வேன். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் உறுதியாகச் சொல்வேன். குழந்தை உளவியல் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் செய்திகள் இங்கே ஒரு பிள்ளையின் பெயரோடும் மூக்கொழுகலோடும் வருகின்றன. பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்றொன்றுக்குக் கதை சொல்வது எப்படி என்பதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை; ஃபேரேக்கரின் தலைமையாசிரியை அதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். ஒரே மூச்சில் வாசிக்கும் விறுவிறுப்பை நாடுபவர்கள் இவற்றை வாங்க வேண்டாம். மூன்றுக்குப் பின்னும் இந்த வரிசையில் பல நூல்கள் உள்ளன. எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிவிடாமல், முதல் நாவலை மட்டும் வாங்கி, திருமதி பிரிங்கிளோடு நமக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு மேலே போகலாம்.

1962இல் வந்த 'மிஸ் கிளேர் ரிமெம்பர்ஸ்' என்னும் நாவலை இப்போது வரவழைத்திருக்கிறேன். மிஸ் கிளேரின் இளமைக்காலமும், முதல் உலகப் போரில் அவர் இழந்தவரைப் பற்றிய நினைவுகளும் அதில் வருகின்றன. அதை நான் இன்னும் தொடங்கவில்லை. அரையாண்டு விடுமுறைக்குள் வாடை தொடங்கிவிடும், படகுகள் கரையேறிவிடும். அப்போது வாசிக்கலாம் என்று ஓலைப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.